நாரியைப் பிடித்துக்கொண்டு எழும்புபவர்களுக்கு

தேங்காய் திருவிவிட்டு எழும்பும்போதும், ருகூவிலிருந்து நிமிரும்போதும் நாரியில் ஏதோ ஒன்று விலகியதுபோல் சட்டென்று பிடிக்கிறதா? தொடையில் கையை ஊன்றித்தான் நிமிர முடிகிறதா? வெள்ளவத்தைச் சந்தையில் சற்று நேரம் நின்றால் கால் வரை நோவு இறங்கி, உட்கார்ந்ததும் குறைகிறதா? ‘வயது போனால் இப்படித்தான்’ என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

நாரியில் 5 முள்ளெலும்புகள் உள்ளன. இடையிலுள்ள தட்டுகள் தேய்ந்து, பின்புற மூட்டுகள் தளர்ந்தால், ஓர் எலும்பு அளவுக்கு மிஞ்சி அசையும். காலப்போக்கில் முன்பக்கம் நழுவவும் கூடும். 50 வயதைத் தாண்டியவர்களில் இந்தத் தேய்மான நழுவல் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பெரும்பாலும் 4ஆவது எலும்பே 5ஆவதன் மேல் நழுவுகிறது. படுத்தபடி எடுத்த எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகலாம். அதனால் நிற்கவைத்தும், சில வேளை குனியவைத்தும் எடுப்பார்கள்.

நம் வீடுகளில் முதல் வைத்தியம் என்ன? பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது! அல்லது எண்ணெய் போட்டு இழுத்துவிடுவது. தளர்ந்த மூட்டை மிதித்து இறுக்க முடியுமா? தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். இடுப்புப் பட்டியும் சில நாட்களுக்கு உதவும், அவ்வளவுதான்.

எலும்பைப் பிடித்து வைத்திருக்க வேண்டியவை அடிவயிற்றிலும் முள்ளந்தண்டை ஒட்டியும் உள்ள ஆழமான தசைகள். அவுஸ்திரேலியாவில் எலும்பு வெடிப்பு அல்லது நழுவல் இருந்த 44 பேரிடம் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தசைகளுக்கு 10 வாரம் பயிற்சி பெற்றவர்களின் நோவு குறைந்தது. 30 மாதங்களின் பின்னும் அந்தப் பலன் நிலைத்தது.

தொடக்கம் இலகுவானது. முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள். மூச்சை அடக்காமல் அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்து, 10 வினாடி வைத்திருந்து விடுங்கள். 10 தடவை செய்யலாம். நோவு கூடினால் நிறுத்துங்கள். அடுத்த பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட்டிடமே பழகுங்கள். கொட்டாஞ்சேனைச் சகோதரிகளுக்குத் தேசிய வைத்தியசாலை தூரமுமில்லை, செலவுமில்லை. காத்திருக்கும் பொறுமைதான் வேண்டும்.

தொழுகையில் குனிய ஏலாதவர்கள் கதிரையில் அமர்ந்து தொழுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கால் பலமிழந்தால், சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ இருந்தால், மலவாசலைச் சுற்றி மரத்துப்போனால், கிளினிக் நாள் வரை பார்த்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், இரவானாலும் சரி.