சோதனை டிரைவருக்கு மட்டும்தானா?



2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டு வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு ஆண்டுக்கொரு முறை இலவச மருத்துவப் பரிசோதனை, செலவு முதலாளியுடையது என்றும் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் லாரி முதலாளிகள் இதற்கு எப்படித் தயாராகிறார்கள் தெரியுமா?

பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் தர்மபுரிக்கார டிரைவர் ஒருவர் ஒரு காகிதத்தோடு வந்தார். "அண்ணே, இதுல கையெழுத்துக் கேக்குறாங்க, என்னன்னு பாருங்க" என்றார். 'நான் இக்கம்பெனியின் தொழிலாளி அல்ல, ஒப்பந்தம் பேசி வண்டி ஓட்டுபவன்' என்று எழுதியிருந்தது. டாக்டர் சர்டிபிகேட்டும் சொந்தச் செலவில் வேண்டுமாம். தொழிலாளியே இல்லை என்றால் இலவசப் பரிசோதனை ஏது? நியமனக் கடிதம் ஏது? தேறாவிட்டால் தெருதான். இதுவா தயாரிப்பு?

நான் ரயில்வே குமாஸ்தா. ரயில் ஓட்டுபவரை ரயில்வே டாக்டர் குறித்த காலந்தோறும் சோதிக்கிறார். செலவு ரயில்வேயுடையது. பணியிலிருக்கையில் பார்வை குறைந்தால் இன்ஜினிலிருந்து இறக்குவார்கள், வீட்டுக்கு அனுப்புவதில்லை. அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தருவார்கள். ஊனமுற்ற ஊழியரை நீக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே அரசு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. தனியார் லாரி டிரைவருக்கு அந்தக் காப்பு இல்லை. அதனால்தான் அவர் சர்க்கரை நோயை மறைக்கிறார். பார்க்காமலே கையெழுத்துப் போடும் டாக்டரைத் தேடுகிறார். பிள்ளைகளின் சோறு அவரை அப்படிச் செய்ய வைக்கிறது.

சாலைப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஓசூர் ரோட்டைக் கடந்து போவது நம் பிள்ளைகளும்தான். ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் ஓட்டச் சொல்லிவிட்டுக் காலையில் கண்ணைச் சோதித்து என்ன பயன்? எட்டு மணி நேர வேலை என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஐந்து தொழிலாளர் இருந்தாலே அது பொருந்தியது. புதிய தொகுப்புக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்யும் டிரைவரும் கிளீனரும் எங்கே போவார்கள்?

சிறு உரிமையாளருக்குச் செலவு தாங்காது என்கிறார்கள். சரி, கர்நாடக அரசு லாரி ஸ்டாண்டுகளிலேயே இலவச முகாம் நடத்தட்டும்.

நம் கோரிக்கைகள் இவை: ஒவ்வொரு டிரைவருக்கும் நியமனக் கடிதம்! பரிசோதனை நாளுக்குச் சம்பளம்! கண்ணாடியும் மருந்தும் கம்பெனிச் செலவில்! தேறாதவருக்கு குடோனிலோ புக்கிங் ஆபீஸிலோ வேலை!

தாய்மார்களே, வீட்டுக்காரர் கொண்டு வரும் காகிதத்தைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கன்னடத்திலோ இங்கிலீஷிலோ இருந்து புரியாவிட்டால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். புரியாத காகிதத்தில் போடும் கையெழுத்து நம் கையை நாமே வெட்டிக்கொள்வதாகும்.