வேரைக் கொத்தும் அன்பு

தியானப் பகுதி: லூக்கா 13:6-9



கனி கொடாத அத்திமரத்தைச் சுற்றிலும் கொத்தி எருப்போட, தோட்டக்காரன் ஒருவன் ஓராண்டு தவணை கேட்டதை ஆண்டவர் உவமையாகச் சொன்னார். அவனுடைய பொறுமையை நாம் அடிக்கடி தியானிக்கிறோம். அவன் தன் மரத்தின் இயல்பை அறிந்திருந்தான் என்பதையோ எண்ணாமல் விட்டுவிடுகிறோம். அத்திமரத்தை வாழவைக்கும் பராமரிப்பு வேறொரு செடியைக் கெடுத்துவிடக்கூடும்.

மலைப்பகுதி வீடுகளில் வளர்க்கப்படும் அசேலியாவைக் கவனியுங்கள். ஜப்பான், சீனா முதலிய நாடுகளின் காட்டு மரநிழலில் வளர்ந்த பூஞ்செடி அது. நம் நீலகிரிச் சோலைகளின் காட்டுப்பூவரசுக்கு உறவு. குளிரைத் தாங்கும் செடிதான். ஆயினும் அதன் வேர்கள் மயிரைப்போல் மெல்லியவை. மண்ணின் மேற்பரப்பிலேயே படர்பவை. சுற்றிலும் கொத்தினால் வேர் அறுபடும். ஆழப் புதைத்தால் வேர் மூச்சின்றி அழுகும். அதற்கு வேண்டுவன அரைநிழல், அமிலத்தன்மையுள்ள மண், நீர் தேங்காத ஈரம், வேரின்மேல் போர்வையாய்க் கிடக்கும் இலைச்சருகு ஆகியவையே. கவாத்துக்கும் காலம் உண்டு. பூத்து முடிந்தவுடன் வெட்ட வேண்டும். தாமதித்து வெட்டுகிறவர், அடுத்த பருவத்துக்கென்று அமைதியாக உருவாகியிருக்கும் மொட்டுகளையே வெட்டி எறிகிறார்.

அக்கறை என்ற பெயரில் நம் சபைகளில் நடைபெறும் கொத்துதல் மிகுதி என்பதே என் கருத்து. துக்க வீட்டில் மரணத்தின் விவரங்களைத் துருவிக் கேட்கிறோம். தேர்வில் தவறிய பிள்ளையிடம் பலர் முன்னிலையில் மதிப்பெண்ணை விசாரிக்கிறோம். குழந்தைக்காக ஏங்கும் தம்பதியரை ஆலய வாசலிலேயே நிறுத்தி, "விசேஷம் ஏதும் உண்டா?" என்கிறோம். நோக்கம் நல்லதாயிருக்கலாம், வேர் அறுந்துபோகிறது. பின்பு அவர்கள் ஆராதனைக்கு வராததைக் கண்டு வியப்படைகிறோம்.

அப்படியானால் கண்டித்தலே கூடாதா? கூடும். தவறென்று அறிந்தும் துணிந்து நிற்பவரை இனிய சொல்லால் கடந்துபோவது அன்பன்று. ஆனால் பவுல் அப்போஸ்தலன் 1 தெசலோனிக்கேயர் 5:14இல், ஒழுங்கின்றி நடப்போருக்கு எச்சரிப்பையும், மனந்தளர்ந்தோருக்கு ஆறுதலையும், வலிமை குன்றியோருக்குத் தாங்குதலையும் வெவ்வேறாகப் பிரித்தே கூறுகிறார். பொறுமையை மட்டுமே எல்லாருக்கும் பொதுவாக்குகிறார்.

ஆகவே இவ்வாரம் ஒருவரைச் சந்திக்கப் புறப்படுமுன், அவருக்கு வேண்டியது மண்வெட்டியா, இலைச்சருகா என்று ஜெபத்தில் கேளுங்கள். சில வீடுகளுக்கு ஒரு வேளை உணவைக் கொண்டுபோய், கேள்வியின்றி அருகில் அமர்ந்திருப்பதே போதுமான ஊழியம்.

ஜெபம்: எங்களை அறிந்திருக்கிற நல்ல மேய்ப்பரே, பிறரை அறிந்து அன்புகூர எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.