ஷோவுக்கு முன்னாடி பர்த்டே டின்னரா? மெனு கார்டுக்கு முன்னாடி கடிகாரத்தைப் பாருங்க

பிறந்தநாள்னா கேக் வெட்டி, ஒரு பிரியாணியோட முடிச்ச காலம் போயிடுச்சு. இப்போ ஒரு ஸ்டாண்ட்-அப் ஷோ, இல்லேன்னா ஒரு மியூசிக் கான்சர்ட். அதுக்கு முன்னாடி "நல்ல இடமா" ஒரு டின்னர். ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல யாராவது ஒருத்தர் ஸ்டார் ஹோட்டல் பஃபே லிங்க்கைப் போடுவாங்க, மத்தவங்க தம்ஸ்-அப் போடுவாங்க, முடிஞ்சது. நான் சொல்ல வர்றது இதுதான்: சென்னையில சாயங்கால ஷோவுக்கு முன்னாடி சாப்பிடுற சாப்பாட்டுக்குப் பெரிய காசு செலவு பண்றது அனேகமா வேஸ்ட். ஷோவுக்குச் செலவு பண்ணுங்க, தப்பே இல்ல. அந்த டின்னர்லதான் காசு ஓட்டை வழியா போகுது.

ஏன்னு பாருங்க. 7 மணி ஷோ. அதாவது 6.40க்குள்ள சீட்ல இருக்கணும். அப்போ 5.15க்கு டேபிள்ல உக்காந்து 6.20க்கு பில் கட்டியாகணும். நம்ம ஊர்ல பல பெரிய ரெஸ்டாரண்ட்ல மதியம் மூணு, மூணரைக்குக் கிச்சனை மூடினா மறுபடி 7 மணிக்குத்தான் திறக்குறாங்க. ஸ்டார் ஹோட்டல் டின்னர் பஃபேயும் அதே 7, 7.30தான். நீங்க தட்டு எடுக்குற நேரத்துல அங்க மைக் டெஸ்டிங் முடிஞ்சு ஷோவே ஆரம்பிச்சிருக்கும். 5.30ங்கிறது சென்னையில டின்னர் நேரமே இல்ல, டிபன் நேரம். இதை ஒத்துக்கிட்டா பாதிப் பிரச்சனை முடிஞ்சது.

அந்த நேரத்துல சூடா, வேகமா, முழு மெனுவோட ஓடுறது நம்ம சைவ டிபன் ஹோட்டல்கள்தான். மியூசிக் அகாடமியில ஷோன்னா ராதாகிருஷ்ணன் சாலையில இருக்குற நியூ உட்லண்ட்ஸ் நடக்குற தூரம். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல கான்சர்ட்னா தி.நகர் பக்கத்துலதானேன்னு அங்க போய் உக்காந்துடாதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் தி.நகர்ல இருந்து வெளிய வர்றது ஒரு தனி ப்ராஜெக்ட். அண்ணா சாலையில ஏஜி-டிஎம்எஸ் இல்ல ஆயிரம் விளக்கு மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் சாப்பிட்டுட்டு ரயில் ஏறினா அதே நீல வழித்தடத்துல நந்தனத்துலயே இறங்கலாம். கார் எடுத்துட்டுப் போனா பார்க்கிங் தேடுறதுல போற நேரமும் அந்த டின்னரோட விலைதான், பில்லுல மட்டும் வராது.

"பிறந்தநாளுக்கு தோசையா?"ன்னு கேப்பீங்க. நெய் ரோஸ்ட்டும் ஃபில்டர் காபியும் சாப்பிட்டுட்டு ஷோ பாத்தவங்க யாரும் அழுது நான் பாத்ததில்ல. கிராண்டா சாப்பிட்டே ஆகணும்னா அதை ஞாயித்துக்கிழமை மதியத்துக்குத் தள்ளுங்க. அவசரமில்லாம ரெண்டு மணி நேரம் உக்காரலாம், நாலு தடவை போய் எடுத்துச் சாப்பிடலாம், கொடுத்த காசுக்கு நியாயம் நடக்கும். குறிப்பா சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் வேலை பாக்குறவங்க வாரநாள் ஷோவுக்கு டிக்கெட் போட்டிருந்தா, 'முன்னாடி டின்னர்'ங்கிற யோசனையையே விட்டுடுங்க. ஓஎம்ஆர்லயே உங்க டின்னர் நேரம் முடிஞ்சிடும்.

இப்போ என் ஏரியாவுக்கு வர்றேன், வரி. சாதாரண ரெஸ்டாரண்ட்ல ஜிஎஸ்டி 5%. ஏசி இருந்தாலும் இல்லாட்டியும் அதேதான். ஆனா பெரிய ஹோட்டலுக்குள்ள இருக்குற ரெஸ்டாரண்ட் வேற கதை. 2025 ஏப்ரல் 1ல இருந்து விதி என்னன்னா, அந்த ஹோட்டல்ல ஏதாவது ஒரு ரூமுக்கு முந்தின நிதியாண்டுல ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல வாங்கியிருந்தா, உள்ள இருக்குற ரெஸ்டாரண்ட் சாப்பாட்டுக்கு 18%. நீங்க ரூம் எடுக்கல, லிஃப்ட்ல கூட ஏறல, ஆனாலும் 18%தான். அந்த வரிக்கு கிரெடிட் எடுக்குற வசதி ஹோட்டல்காரருக்கு உண்டு, சம்பளம் வாங்குற உங்களுக்குக் கிடையாது.

கணக்கா பாப்போம். தலைக்கு 2,200 ரூபாய் பஃபேன்னு வெச்சுக்கங்க. 18% சேத்தா 2,596. ஆறு பேருக்கு 15,576. டிபன் ஹோட்டல்ல ஸ்வீட்ல ஆரம்பிச்சு காபி வரைக்கும் தாராளமா தலைக்கு 400 போட்டா, 5% சேத்து 420. ஆறு பேருக்கு 2,520. வித்தியாசம் 13,056 ரூபாய். அதுவும் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே அரைகுறையா சாப்பிடப்போற ஒரு சாப்பாட்டுக்கு!

சர்வீஸ் சார்ஜ்னு ஒண்ணு பில்லுல உக்காந்திருந்தா அதையும் பாருங்க. அது அரசாங்க வரி இல்ல. தானாவே பில்லுல சேக்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைலயே வழிகாட்டுதல் கொடுத்துச்சு. 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும்னு சொல்லிடுச்சு. அதை எதிர்த்து ரெஸ்டாரண்ட் சங்கத்துக்காரங்க மேல்முறையீட்டுக்குப் போயிருக்காங்க. இதுல இன்னொரு கூத்து, சர்வீஸ் சார்ஜ் போட்டா அதுக்கும் சேத்து ஜிஎஸ்டி ஏறும். 6,000 ரூபாய் சாப்பாட்டுக்கு 5% போட்டா 6,300. நடுவுல 10% சர்வீஸ் சார்ஜ் நுழைஞ்சா 6,930. எடுக்கச் சொல்லி மரியாதையா கேளுங்க, மாட்டேன்னா 1915ங்கிற நுகர்வோர் உதவி எண் இருக்கு. ஆனா ஷோவுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது யாரு நின்னு வாதாடப்போறா? அதனாலதான் டேபிள் புக் பண்ண போன் போடும்போதே கேட்டுடுங்கன்னு சொல்றேன். கிச்சன் எத்தனை மணிக்குத் திறக்கும், சர்வீஸ் சார்ஜ் போடுவீங்களா, வெளிய வாங்கின கேக் கொண்டு வரலாமா, அதுக்குத் தனியா காசு உண்டா. ரெண்டு நிமிஷ போன்தான்.

ஆப்ல வர்ற தள்ளுபடியைப் பாத்து இடத்தை முடிவு பண்றவங்க நிறைய. 30% தள்ளுபடின்னு பெருசா இருக்கும், உள்ள போய்ப் படிச்சா பஃபேக்குக் கிடையாது, வார இறுதிக்குக் கிடையாது, முன்பணம் கட்டினா திரும்ப வராதுன்னு சின்ன எழுத்துல இருக்கும். தள்ளுபடிக்காக அரை மணி நேரம் தள்ளி இருக்குற இடத்துக்குப் போனா, மிச்சமான காசை கேப்காரர் வாங்கிட்டுப் போயிடுவாரு. பில்லை மூணு மாச இஎம்ஐயா மாத்துறவங்களும் இருக்காங்க. சாப்பிட்டது செரிச்சு மூணு மாசம் வரைக்கும் வட்டி, அந்த வட்டி மேல ஜிஎஸ்டி. இதைப் பத்தி தனி வீடியோவே போடணும், இங்க வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே உறுத்துற விஷயம் வேற. அந்த ஆறு பேர்ல ஒருத்தருக்குக் கைக்கு வர்றது 90,000, இன்னொருத்தருக்கு 28,000. பஃபே 2,596, டிக்கெட் 1,500, போக வர 300. மொத்தம் 4,396. முதல் ஆளுக்கு அது மாச சம்பளத்துல 5 சதவீதத்துக்கும் கம்மி. ரெண்டாவது ஆளுக்குக் கிட்டத்தட்ட 16 சதவீதம். குரூப்ல தம்ஸ்-அப் ரெண்டு பேரும்தான் போட்டிருப்பாங்க. "எனக்குக் கட்டுப்படியாகாதுப்பா"ன்னு பத்து பேர் பாக்குற குரூப்ல யாரு டைப் பண்ணுவாங்க? வேலைக்குச் சேந்து ஆறு மாசம் ஆன பொண்ணோ பையனோ நிச்சயமா பண்ண மாட்டாங்க. ஊருக்குப் பணம் அனுப்புறதுல ஆயிரம் குறைச்சுட்டு வந்து சிரிச்சுக்கிட்டே செல்ஃபி எடுப்பாங்க.

போதாக்குறைக்கு நம்ம ஊர்ல பிறந்தநாள்காரர்தான் ட்ரீட் கொடுக்கணும்னு ஒரு வழக்கம். "ட்ரீட் எங்க?"ன்னு காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருப்போம். அந்தப் பிறந்தநாள்காரரே அந்த 28,000 ரூபாய் ஆளா இருந்தா, 15,576 ரூபாய் பில் அவர் பக்கம் நகரும்போது அது கொண்டாட்டமா?

அதனால ஏற்பாடு பண்றவருக்கு மட்டும் ஒரு வார்த்தை. இடத்தைத் தேடும்போது குரூப்லயே குறைஞ்ச சம்பளம் வாங்குறவர் யாருன்னு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு தேடுங்க. அதை வெளிய சொல்ல வேண்டாம், "உனக்கு ஓகேவா?"ன்னு அவரைத் தனியா கூப்பிட்டும் கேக்க வேண்டாம். யார் கட்டுறாங்க, தலைக்கு எவ்வளவுங்கிறதை முதல் மெசேஜ்லயே போட்டுடுங்க: "சனிக்கிழமை 5.15க்கு டிபன், தலைக்கு 420 தாண்டாது, பர்த்டே பேபிக்கு நாம கட்டுறோம், ஷோ முடிஞ்சு பசிச்சா அவங்கவங்க இஷ்டம்." பேபியோட 420ஐ மத்த அஞ்சு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 84 ரூபாய், ஒரு ஆட்டோ காசு கூட இல்ல.