அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும்

பெங்களூருவின் கிளாரன்ஸ் உயர்நிலைப் பள்ளி, சேர்க்கையின்போது பெற்றோரிடம் பெற்றுவந்த உறுதிமொழி 2022 ஏப்ரலில் பெரும் சர்ச்சையானது. பிள்ளைகள் பைபிளைப் பள்ளிக்குக் கொண்டுவருவதற்கும் வேத வகுப்பில் பங்கேற்பதற்கும் ஆட்சேபம் தெரிவிக்க மாட்டோம் என்பதே அதன் சாரம். இந்து ஜன ஜாக்ருதி சமிதி இதற்கு எதிராகக் கிளம்பியதும், அன்றைய கர்நாடக பாஜக அரசின் கல்வித்துறை விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

நம் நிலையைத் தயக்கமின்றிக் கூறுவோம். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், மாணவரின் இசைவின்றி, அவர் வயது வராதவராயின் காப்பாளரின் இசைவின்றி, மத போதனையில் பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு. கையெழுத்திட்டால்தான் இடம் என்றால் அது இசைவன்று, நிபந்தனை. கல்வி நிறுவனங்களை நடத்த சிறுபான்மையினருக்கு 30ஆவது பிரிவு வழங்கும் உரிமையை நாம் உறுதியாகப் பாதுகாக்கிறோம். ஆனால் அவ்வுரிமை ஒரு குழந்தையின் மனச்சான்று உரிமையை விழுங்கிவிட முடியாது.

ஆனால் இந்தப் பாடத்தை நடத்தும் தகுதி அன்றைய கர்நாடக அரசுக்கு இருந்ததா? 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பகவத் கீதை கற்பிக்கப்படும் என்று 2022 மார்ச்சில் குஜராத் அரசு அறிவித்ததுமே, இங்கும் அதைக் கொண்டுவரும் விருப்பத்தை வெளியிட்டவர் அன்றைய கல்வி அமைச்சர் பி.சி.நாகேஷ். பைபிளும் குர்ஆனும் மத நூல்கள், கீதை அப்படியல்ல என்பது அவர் வாதம். சீருடைச் சமத்துவம் பேசி ஹிஜாப் அணிந்த மாணவியரை வாசலிலேயே நிறுத்திய அரசு அது. பத்தாம் வகுப்புக் கன்னடப் பாடநூலில் ஆர்எஸ்எஸ் நிறுவனர் ஹெட்கேவாரின் உரையைச் சேர்த்ததும் அதே அரசுதான்.

முழுவதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் மத போதனையே கூடாது என்கிறது 28(1) பிரிவு. அங்கே இசைவு என்ற விதிவிலக்குக்கு இடமில்லை. தனியார் பள்ளியின் கட்டாயத்தைக் கண்டித்த அரசு, அதைவிடக் கடுமையான தடையைத் தானே மீற முனைந்தது.

‘விரும்புவோருக்குக் கீதை, விரும்புவோருக்கு பைபிள் என்று விருப்பப் பாடமாக்கினால் என்ன?’ என்று சிலர் கேட்கின்றனர். கேட்க நியாயமாகத் தோன்றும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பொதுப் பள்ளிகளில் பெற்றோர் இசைவுடன்தான் மத வகுப்புகள் நடந்தன. இசைவளிக்காத மெக்கல்லம் குடும்பத்துச் சிறுவன் வகுப்பிலிருந்து பிரித்துத் தனியே அமர்த்தப்பட்டான். அந்த ஏற்பாடு செல்லாது என 1948இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு குழந்தை மட்டும் எழுந்து வெளியேறும்போது, விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும்?

அதே 1948 டிசம்பரில் நமது அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இத்தடைக்கான காரணங்களை விளக்கினார். எல்லோரிடமும் திரட்டும் வரிப்பணத்தை ஒரு மதத்தின் போதனைக்குச் செலவிட முடியாது. பல மதங்கள் வாழும் ஊரில் எல்லா மதங்களையும் போதிப்பதும் இயலாது. மத போதனை வேறு, மதங்களைப் பற்றிய ஆய்வும் கல்வியும் வேறு என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். புத்தரையும் பசவண்ணரையும் இயேசுவையும் நபிகளையும் வரலாறாகக் கற்பிக்கலாம். கேள்வி கேட்க மாணவருக்கு உரிமை இருக்க வேண்டும். வழிபாடாகப் புகட்டுவது பள்ளியின் வேலையன்று.

பெங்களூருவில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளும் அரசுப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுக்குத் தேவை போதிய ஆசிரியர்களும், ஆய்வகமும், ஒழுகாத கூரையும்தான். பெற்றோராக உள்ள தோழர்கள் பள்ளி மேம்பாட்டுக் குழுக் கூட்டங்களில் இக்கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும். எந்த வேதம் எந்தப் பெயரில் வகுப்பறைக்குள் நுழைந்தாலும் ஒரே அளவுகோலால் எதிர்க்க வேண்டும். அப்போதுதான் நம் குரலை எல்லாப் பெற்றோரும் நம்புவர்.