இடைச்செருகலும் செருகுநிரலும்

தாம்பரத்தை அடுத்த கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறைக்கென வலைத்தளம் ஒன்றை வேர்ட்பிரஸில் அமைத்தோம். சுவடிகளின் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பாகக் காட்ட, எல்லோரும் பயன்படுத்தும் செருகுநிரல் ஒன்று கிடைத்தது. அடிக்குறிப்பு எண்கள் தமிழ் எண்களாக இருக்க வேண்டும் என்பது நம் ஆசை. சோழிங்கநல்லூரில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் அந்தச் செருகுநிரலின் கோப்பையே திறந்து சில வரிகளை மாற்றித் தந்தார். அழகாக வேலை செய்தது. சில மாதங்கள் கழித்துப் புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரை சொல்லிற்று, பொத்தானை அழுத்தினோம். தமிழ் எண்கள் ஒரு நொடியில் மறைந்தன. எந்த வரிகளை மாற்றினோம் என்பதை மாணவரும் மறந்துவிட்டார், நாமும் குறித்து வைக்கவில்லை.

நிகழ்ந்தது இதுதான். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு செருகுநிரலையும் தனி அடைவில் வைக்கிறது. புதுப்பிக்கும்போது பழைய அடைவை நீக்கிவிட்டுப் புதியதை அங்கே வைக்கிறது. அதற்குள் நாம் எழுதிய வரிகள் பழைய அடைவோடு போய்விடும். பிழை பொத்தானில் இல்லை.

தமிழ் படித்தவர்க்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் தொல்காப்பியத்தில் பல இடங்களில் கருத்து வேறுபட்டனர். ஆயினும் தத்தம் கருத்தை உரையில் வைத்தனர். நூற்பா தன் இடத்தில் நின்றது. மூலத்துக்குள்ளேயே கைவைத்த இடங்களுக்கு நாம் இட்ட பெயர் இடைச்செருகல். கம்பராமாயணத்தின் மிகைப்பாடல்களைப் பிரித்தெடுக்கப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை வகுப்பில் விளக்கும் நாமே, நம் தளத்தில் இடைச்செருகல் செய்து வைத்திருந்தோம்.

உரைக்கு இடம் நிரலுலகிலும் உண்டு. நல்ல செருகுநிரல்கள் ‘கொக்கி’ எனப்படும் இடங்களை விட்டு வைக்கின்றன. அடிக்குறிப்பு எண் திரைக்குச் செல்லுமுன் அதை மாற்ற விரும்புவோர் இங்கே மாற்றலாம் என்பது அதன் பொருள். நம் பத்து வரிகளைத் தனியாக ஒரு சிறு செருகுநிரலில் எழுதி அந்தக் கொக்கியில் மாட்டியிருந்தால் புதிய பதிப்பு வந்தபோதும் அவை பிழைத்திருக்கும். தோற்றத்தை மாற்றுவதற்கும் இவ்வாறே ‘சேய் வார்ப்புரு’ உண்டு.

பொதுமையும் தனித்தன்மையும் இணங்கியிருப்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. ஒருகாலத்தில் சில இந்திய மொழி விக்கிப்பீடியாக்கள் தட்டச்சு நிரலைத் தனித்தனியே வைத்திருந்தன. மலையாள விக்கியரின் முயற்சியிலிருந்து நாராயம் என்னும் பொது நீட்சி பிறந்தது. 2013-இல் அனைத்து மொழிகளுக்குமான மொழித்தேர்வி அதன் இடத்தைப் பெற்றது. அதன் உள்ளே இயங்கும் தட்டச்சுப்பொறி ஒன்றே. தமிழ்99, பாமினி, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு ஆகியவை தனித்தனி விதிக் கோப்புகளாக உள்ளன. பாமினியில் பழகிய யாழ்ப்பாணத்தாரும் தமிழ்99 பழகிய சென்னையாரும் ஒரே பொறியைப் பகிர்கின்றனர். ஒருவர் விதி மற்றவர் விதியைத் தொடுவதில்லை.

மூலமே தமிழுக்குப் பிழையாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருங்குறியில் புள்ளி தனிக் குறியீடு. முன்னுரையை இத்தனை குறியீடுகளோடு வெட்டு என்று எழுதப்பட்ட நிரல், ‘கண்’ என்பதைக் ‘கண’ என்று நிறுத்திவிடக்கூடும். இதற்கு உரை போதாது. மூலத்தையே திருத்த வேண்டும். ஆனால் அத்திருத்தம் நம் அடைவுக்குள் ஒளிந்து கிடக்கலாகாது. காரணம் விளக்கி, சான்றுச் சொற்களோடு ஆக்கியோருக்கு அனுப்ப வேண்டும். ஏற்கப்பட்டால் தமிழ் எழுதும் அனைவர்க்கும் பயன். ஏற்கப்படாவிட்டால் தனிக்கிளை பிரிக்கலாம். உரிமம் அதற்கு இடம் தருகிறது. ஆயின் பிரித்தவர் அக்கிளைக்கு நாள்தோறும் நீர் வார்க்கக் கடமைப்பட்டவர்.

பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் எனத் தொடரும் இப்பகுதியின் தமிழ்த்துறைகள் சேர்ந்து ஒரே செருகுநிரல் தொகுப்பை வைத்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. எந்தச் செருகுநிரல், எந்தப் பதிப்பு, யார் பொறுப்பு, ஏன் மாற்றினோம் என்று ஒரே பட்டியலில் எழுதி வைப்போம். அவரவர் மாற்றங்கள் அவரவர் தனிக்கோப்பில் இருக்கட்டும். பாடவேறுபாட்டைக் குறிக்காத பதிப்பை நாம் மதிப்பதில்லை. நம் தளத்துக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.