பெயரில்லாதவன் எழுந்து கேட்டான்!



எழுத்தாளர் ஒருவர் அயல்நாடு போகிறார். அங்கே மாணவர்கள் கூடுகிறார்கள். வரவேற்பு, கைதட்டல், கையெழுத்து வேட்டை — இவ்வளவோடு முடிந்துவிடும் கூட்டங்கள்தாம் ஏராளம். 1957 டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமிலே, மாணவர் மன்றத்தில் நடந்த கூட்டம் அப்படி முடியவில்லை. அன்று எழுந்த கேள்வி இன்றும் ஓயவில்லை. 2025-இல் பிரான்சுவா ஓசோன் என்ற பிரெஞ்சு இயக்குநர் அந்த எழுத்தாளரின் நாவலைத் திரைப்படமாக்கினார். படத்தோடு பழைய வழக்கும் மேடை ஏறிற்று.

எழுத்தாளர் ஆல்பெர் காம்யு. நாவலின் பெயர், வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கித் தந்த வகையில், ‘அந்நியன்’. ஸ்டாக்ஹோமுக்கு அவர் போனது நோபல் பரிசு வாங்க. பரிசு வாங்கியது 10-ஆம் நாள். மாணவரைச் சந்தித்தது 12-ஆம் நாள். அப்போது வயது 44.

மாளிகையிலே பிறந்த மகனா அவர்? இல்லை! அல்ஜீரியாவில் குடியேறிய ஐரோப்பியரிலே, அடிமட்டத்து ஏழைக் குடும்பம். தந்தை 1914 போரிலே மாண்டார். பிள்ளைக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. தாய், ஊரார் வீட்டுத் தரையைத் துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். காது சரியாகக் கேளாது. எழுத்து அறியார். பிள்ளை எழுதிய நூலை உலகம் படித்தது. பெற்றவளால் ஒரு வரி படிக்க முடியவில்லை! பரிசு கிடைத்ததும் தம் தாயை நினைத்தார், அடுத்து நினைத்தது தொடக்கப் பள்ளி ஆசிரியரை. அவருக்கு நன்றிக் கடிதமும் எழுதினார். நல்ல மனிதர், ஐயமில்லை.

அந்த மனிதரை நோக்கித்தான் மாணவர் மன்றத்திலே அல்ஜீரிய இளைஞர் ஒருவர் எழுந்தார். கிழக்கு ஐரோப்பிய மக்களுக்காகக் கையெழுத்துப் போடுகிறீரே, அல்ஜீரியாவுக்காக என்ன செய்தீர் என்று கேட்டார். கேட்டது ஒருமுறை அல்ல. காம்யு பேசத் தொடங்கிய போதெல்லாம் குறுக்கிட்டார், கடிந்தார். சபை மரபு மீறப்பட்டது, உண்மை. ஆனால், சபையே கிடைக்காதவன் சபை மரபை எங்கே போய்ப் பயில்வான்?

கேள்வியின் பின்னணி தெரிய வேண்டுமா? 1830-இல் படையோடு புகுந்தது பிரான்சு. அல்ஜீரியாவும் பிரான்சின் ஒரு பகுதியே என்றது. 1947-இல் ஒரு சட்டம் செய்தது. அல்ஜீரியாவுக்குச் சட்டமன்றம் கொடுத்தது. இடங்கள் 120. ஐரோப்பியரும் அவரோடு சேர்க்கப்பட்ட சிறு தொகையினரும் தேர்ந்தெடுக்க 60. மண்ணின் மக்கள் தேர்ந்தெடுக்க 60. சரிபாதி! பார்த்தால் சமநீதி! ஐரோப்பியர் ஏறத்தாழ 10 இலட்சம். மண்ணின் மக்களோ 80 இலட்சத்துக்கு மேல்! ஒன்றும் எட்டும் சமம் என்று கணக்குப் போட்ட அந்த மன்றத்துக்கும், 1948-இல் நடந்த தேர்தலில் மோசடி செய்தார்கள். 1954 நவம்பர் முதல் நாள் துப்பாக்கி வெடித்தது.

காம்யு இதை அறியாதவரா? 1939-இலேயே கபீலியா மலைநாட்டுக்குச் சென்று, பட்டினியை நேரில் கண்டு, அல்ஜியர்ஸ் நாளேட்டிலே தொடர் கட்டுரை தீட்டியவர்! நாளெல்லாம் உழைத்தவனுக்கு 6 முதல் 10 பிராங்கு கூலி என்பதையும், குப்பையிலே கிடந்ததற்காகக் குழந்தைகள் நாயோடு போராடியதையும் எழுதி, இது அடிமைமுறை என்று சாடியவர். 1956 சனவரியில் அல்ஜியர்ஸ் சென்று, இரு தரப்பும் பொதுமக்களைத் தொடாதீர் என்று மன்றாடினார். அரங்குக்கு வெளியே, அவருடைய சொந்த இனத்தாரே அவர் சாகவேண்டும் என்று கூவினர். அதன்பின் அல்ஜீரியா பற்றிப் பெரும்பாலும் வாய்மூடினார். மரண தண்டனைக்குக் காத்திருந்த அல்ஜீரியருக்காகத் திரைமறைவிலே மனுப் போட்டார். அந்த இளைஞருடைய தோழர் சிலர் உயிரோடிருப்பதற்குத் தாமும் காரணம் என்று மன்றத்திலேயே சொன்னார்.

பிறகுதான் சொன்னார், அந்தப் புகழ்பெற்ற பதிலை. அல்ஜியர்ஸ் டிராம் வண்டிகளில் இப்போது குண்டு வீசுகிறார்கள். என் தாய் அந்த வண்டி ஒன்றிலே இருக்கலாம். அதுதான் நீதி என்றால், எனக்குத் தாய்தான் பெரிது — கருத்து இதுவே. பாரிஸ் ‘லெ மோந்த்’ ஏடு வெளியிட்ட வாசகமோ வேறு: நீதியை நம்புகிறேன், ஆயினும் நீதிக்கு முன்னே என் தாயைக் காப்பேன்! குண்டு போயிற்று, டிராம் போயிற்று. நீதியை விலக்கித் தாயை அணைத்தவர் என்ற பட்டம் மட்டும் நின்றது. வாசகம் சிதைந்தால் மனிதனே சிதைந்துபோவான் என்பது பத்திரிகைத் தொழில் செய்கிற நமக்குத் தெரியாததா?

சிதைக்காத முழு வாசகத்தையே எடுத்துக்கொள்வோம். குண்டு பற்றிய அச்சம் கற்பனையன்று. 1957 சூனில் விளக்குக் கம்பங்களில் மறைத்துவைத்த குண்டுகள், வேலை முடிந்து வீடு திரும்பியவர்களைக் கொன்றன. அதை வாழ்த்த நான் வரவில்லை. ஆனால், எழுந்து நின்ற அந்த இளைஞனுக்கும் ஒரு தாய் உண்டே! அந்தத் தாய் இருந்த நாட்டிலே, அதே 1957-இல், பிரெஞ்சுப் படையினர் ஆட்களை இழுத்துச் சென்றனர், மின்சாரம் பாய்ச்சினர், போனவர் பலர் திரும்பவில்லை. தரை துடைத்த தாயைக் காக்க வேண்டும், மெய்தான். அந்தத் தாய்க்கும் கிட்டாத வாழ்வைப் பெரும்பண்ணை முதலாளிகள் அனுபவித்தனர், அதுவும் மெய்தான். ஏழை ஐரோப்பியனைக் கேடயமாக முன்னே நிறுத்தி, பணக்கார ஐரோப்பியன் பின்னே நின்றான். காம்யுவின் பதிலிலே குண்டு வைத்தவன் தெரிகிறான். கேடயத்துக்குப் பின்னே நின்றவன் தெரியவில்லை. குறை அங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. ‘அந்நியன்’ நாவலிலே, தாய் செத்ததற்கு அழாத ஒருவன், கடற்கரையில் ஓர் அரபியைச் சுட்டுக் கொல்கிறான். ஐந்து குண்டுகள். வழக்கு நடக்கிறது, தாய்க்கு அழாததுதான் நீதிமன்றத்துக்குப் பெருங்குற்றம்! செத்த அரபிக்கோ கதை முழுதும் பெயர் கிடையாது, பேச்சும் கிடையாது. 1942-இல் அச்சேறிய அந்த ஊமைப் பிணம், 15 ஆண்டு கழித்து ஸ்டாக்ஹோம் மன்றத்திலே எழுந்து, ஆசிரியரின் முகத்துக்கு நேரே பேசியது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. தம் நாட்டிலே இருந்திருந்தால் அந்த இளைஞர் இப்படிக் கேட்டிருக்க முடியுமா? எழுத்தாளர்கள் எல்லை கடந்து மாணவரிடம் போகத்தான் வேண்டும். போற்றுகிறவன் வீட்டிலேயே கிடைப்பான்!

காம்யு கோபத்தோடு திரும்பிவிடவில்லை. அடுத்த சில நாளில் ‘லெ மோந்த்’ ஏட்டுக்கு எழுதினார்: அல்ஜீரியாவை அறியாமலே அதைப் பற்றிப் பேசும் பிரெஞ்சுக்காரர் பலரைவிட அந்த இளைஞரே தமக்கு நெருக்கமானவர், அவர் முகத்திலே கண்டது பகையன்று, துயரம் என்றார். பட்டுக்கொண்டவர் எழுதிய சொல் அது.

1960 சனவரி 4-இல் கார் விபத்தில் காம்யு மறைந்தார். அதே ஆண்டில் தாயும் மறைந்தார். 1962 சூலை 5-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. 1957-இல் பிடித்துச் சென்ற மோரிஸ் ஒதானைக் கொன்றது படையினரே என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் 2018-இல் ஒப்புக்கொண்டார். விடுதலைத் தலைவர் லார்பி பென் மிஹிதியைக் கொன்றதும் அவர்களே என்பதை ஒப்ப 2024 ஆயிற்று. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவுத், கொலையுண்ட அரபியின் தம்பி கதை சொல்வதாக 2013-இல் ஒரு நாவல் எழுதினார். அதிலே செத்தவனுக்குப் பெயர் இருக்கிறது: மூசா. அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள்.