‘சனமே இல்லாத இடம்’



அடுத்த வருட ரிட்ரீட்டை ஸ்கொட்லாந்துத் தீவு ஒன்றில் வைப்பம் என்று குரூப்பில் வாக்கெடுப்பு ஓடிக்கொண்டிருக்கு. கடலைப் பார்த்த கொட்டேஜ், விறகு அடுப்பு, பின்னேரம் விஸ்கி. "சனமே இல்லாத இடம், தலைக்கு ஒரு ஓய்வு" என்று ஒருவர் எழுத, அதற்கு அத்தனை ஹார்ட். நான் எதிர்த்து வாக்களித்தேன். சந்தோசத்தைக் கெடுக்க வாறன் எண்டு நினைக்காதேங்கோ. எனக்குப் பிரச்சினை அந்தச் "சனமே இல்லாத" என்ற சொல்.

போன கோடையில் நானும் போனனான். ஸ்கை தீவின் ஸ்கொன்சரிலிருந்து பெரியில் இருபத்தைந்து நிமிடம், ராசே தீவு. 2017இல் திறந்த விஸ்கி வடிசாலை, அங்கேயே தங்க அறைகள், ஜன்னலுக்கு வெளியே ஸ்கையின் மலைகள். பொய் சொல்லேல்ல, அவ்வளவு வடிவு. அடுத்த நாள் கிழக்குக் கரையில் ஹாலெய்க் வரை நடந்தோம். கூரையில்லாத கல் சுவர்கள், பேர்ச் மரங்கள், செம்மறிகள். ஒரு ஊர் இருந்த இடம். அதைப் படமெடுத்து "நிம்மதி" என்று ஸ்டோரி போட்டேன். இப்ப நினைக்க வெட்கமாக இருக்கு.

1843இல் ராசேயை வாங்கியவர் ஜோர்ஜ் ரெய்னி. காசு எங்கிருந்து? டெமராராவின், அதாவது இன்றைய கயானாவின், அடிமைத் தோட்டங்களிலிருந்து. அடிமைமுறை ஒழிந்தபோது பிரிட்டிஷ் அரசு இரண்டு கோடி பவுண்ஸ் நட்டஈடு கொடுத்தது, எசமானர்களுக்கு! ரெய்னியும் வாங்கினார். 1850களின் தொடக்கத்தில் செம்மறி வளர்ப்பதற்காகக் கிட்டத்தட்ட நூறு குடும்பங்களை எழுப்பினார். பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். மிச்சப்பேரைப் பாறை நிலமான வடக்குக்கும் பக்கத்து ரோனாத் தீவுக்கும் தள்ளி, குறுக்கே மதிலும் கட்டினார். தீவில் கல்யாணம் கட்டவும் தடை போட்டார். 1883இல் நேப்பியர் ஆணைக்குழு முன் தீவுச் சனமே சொன்ன சாட்சி இது.

ரெய்னி பங்காளியாக இருந்த கம்பனி சான்ட்பாக் டின். அடிமைமுறை முடிந்தபிறகு அதே கம்பனி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கயானாவுக்கு ஏற்றியது. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்தும் கயானாவுக்குக் கூலிக் கப்பல்கள் போயின, தமிழரோடு. ஆக, "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனுக்குச் செய்தது, எங்களுக்கென்ன" என்று தள்ளிவிட ஏலாது.

1921இல் ரோனாவிலிருந்து ஆண்கள் வந்து, பாட்டன்மாரிடமிருந்து பறித்த தெற்கு நிலத்தைப் பிடித்தார்கள். சிறைக்குப் போனார்கள். அடுத்த வருடம் அரசே தீவை வாங்க வேண்டி வந்தது. நில மீட்பு என்று நாங்கள் போஸ்டர் அடிக்கிறமே, அதை அவர்கள் செய்து முடித்தவர்கள்.

"டூரிஸம் வேலை குடுக்குதுதானே?" குடுக்குது. வடிசாலையை மூடச் சொல்லேல்ல. ஆனால் ஸ்கையில் வேலை இருக்கு, வேலைக்கு வாற ஆளுக்கு இருக்க வீடு இல்லை. அந்த வீடுகள்தான் எங்கட லிங்கில் இருக்கிற "கொசி" கொட்டேஜ்கள். காங்கேசன்துறையில் இராணுவம் நடத்துற ஹோட்டலில் தங்கிய மாமாவோடு சண்டை பிடிச்ச ஆக்கள் இந்தக் குரூப்பிலேயே இருக்கினம். மாமா திருப்பிக் கேட்டால் என்ன சொல்லப்போறம்?

வாக்கெடுப்பு வெள்ளி இரவு முடியுது. என்ர மாற்று யோசனை: எக் தீவு. 1997இல் அந்தச் சனம் சேர்ந்து நிலச்சொந்தக்காரரிடமிருந்து தீவை வாங்கினது, தங்குற காசை அங்க குடுப்பம். இல்லை, ராசேதான் வேணும் எண்டால் வாறன். அழைப்பிலிருந்து "சனமே இல்லாத" என்பதை எடுங்கோ. முதல் நாள் காலமை எல்லாரும் ஹாலெய்க்குக்கு நடை. விஸ்கி பின்னேரம்.